பதில் பேச வேண்டாம் என்று சொன்ன குரல்

மூன்று வருடத்துக்கு முன்னால், மலேசியாவில் ஈப்போ நகரத்தில் நடந்தது. என் மகனுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று போனேன்.

நான் சூலூரில் தறி மெக்கானிக். படிப்பு எட்டாவது. ஹாம் ரேடியோ பழக்கம் உண்டு. வயர்லெஸ் செட்டில் முகம் தெரியாதவர்களோடு பேசுவது. அதற்கு அரசாங்கம் பரீட்சை வைத்து லைசென்ஸ் தருகிறது. இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை வாங்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். எந்த நாட்டிலும் செல்லும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

போன நாலாம் நாள். மகன் வேலைக்குப் போயிருந்தான். வீடு பதினோராவது மாடி. ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த கைச் செட்டை ஜன்னலோரம் நின்று போட்டு, குமிழைத் திருப்பினேன். அந்த ஊர்க்காரர் ஒருவர், யாராவது இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டார். பேச்சிலேயே தமிழர் என்று தெரிந்தது. பொத்தானை அழுத்தி, லைசென்ஸோடு எனக்குக் கொடுத்த அழைப்புக்குறியைச் சொன்னேன்.

"கோயமுத்தூர்ப் பக்கமுங்க. மகன் ஊட்டுக்கு வந்திருக்கறனுங்க."

அவரும் தமிழில் கேட்டார். "அண்ணே, இங்க பேச பெர்மிட் எடுத்துட்டீங்களா?"

"இந்தியா லைசென்ஸ் இருக்குதுங்க."

"அது இங்க செல்லாதுண்ணே. பொத்தானை விட்டுடுங்க. இனி நான் சொல்றதை மட்டும் கேளுங்க. பதில் பேச வேண்டாம்."

விட்டுவிட்டேன். அவர் மட்டும் பேசினார். வெளிநாட்டுக்காரர் இங்கே அனுமதி வாங்கித்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் குற்றம் என்றார். நாளைக் காலை பத்து மணிக்கு ரயில் நிலைய வாசலில் நிற்பேன், நீலச் சட்டை, பாஸ்போர்ட்டோடு வாருங்கள் என்றார். இரண்டு தடவை சொன்னார். காதில் விழுந்தது என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

சாயங்காலம் மகனிடம் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

"ஏனுங்கப்பா, உங்க மேல கேஸாச்சுன்னா என்ர வேலையே போயிருமுங்க. அந்தாளு போலீஸோட நின்னா என்ன பண்ணுவீங்க?"

அந்த வேலைக்காக நாலு வருடம் அலைந்தவன் அவன். செட்டின் பேட்டரியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். காலையில் போனேன்.

தனியாகத்தான் நின்றிருந்தார். என் வயது இருக்கும். லாரி ஓட்டுகிறவர். எனக்காக அரை நாள் லீவு போட்டிருந்தார்.

"கேட்டுச்சோ இல்லையோன்னு நெனச்சேன்ணே. வந்துட்டீங்க" என்று சிரித்தார்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். விண்ணப்பத்தை அவரே கொண்டுவந்திருந்தார். எல்லாம் ஆங்கிலம். கேட்டுக் கேட்டு நிரப்பினார். லைசென்ஸ் நகல் வேண்டும் என்றார். அது சூலூரில் பீரோவில் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"ஏனுங்க, கடல் தாண்டிப் போயும் அந்தப் பொட்டியக் கட்டிட்டுத்தான் அழுவறீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

அவருக்கு டீ புரையேறிவிட்டது. "எங்க வீட்லயும் இதே பாட்டுதாண்ணே" என்றார். திட்டினாலும், ஐந்து நிமிடத்தில் படம் எடுத்து அனுப்பினாள்.

அனுமதி வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதுவரை நான் செட்டைத் தொடவில்லை. நடுவில் இரண்டு தடவை அவரே போன் செய்து, "வந்துடும்ணே, கவலைப்படாதீங்க" என்றார். வந்த அன்று மகனே பேட்டரியை மாட்டிக் கொடுத்தான். "பேசுங்கப்பா" என்றான்.

மலேசியாவுக்கான குறியை முன்னால் சேர்த்து என் அழைப்புக்குறியைச் சொன்னேன். அவர்தான் பதில் கொடுத்தார். "இப்ப எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்கண்ணே" என்றார். "ரொம்ப நன்றிங்க" என்றேன். அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் கேட்காதது மாதிரி இருந்திருக்கலாம். புகார் கொடுத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். செய்யாதே என்று நிறுத்தியதோடு விடாமல், எப்படிச் செய்வது என்று காட்ட ரயில் நிலைய வாசலில் வந்து நின்ற அந்த மனிதரை நினைக்காமல் இன்றுவரை நான் செட்டைக் கையில் எடுத்ததில்லை.