டிவியில் வராத பிள்ளை

எங்கள் லயத்திலிருந்து டிவியில் வந்த முதல் ஆள் நான்தான். ஆனால் அன்று லயத்தில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ரத்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டம்; தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகள்தான் லயம். அப்பா ரப்பர் மலையில் வேலை செய்தார். அம்மா கொழும்பில் ஒரு வீட்டில் தங்கிச் சமைத்தாள். நோனா என்று அம்மா சொல்லும் வீட்டுக்காரியின் தாய் படுத்த படுக்கையாகக் கிடந்ததால், இரண்டு வருடமாக இயேசு பிறந்த நத்தாருக்குக்கூட அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் குரல் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் போனில் வரும்.

அந்த வருடம் எங்கள் மாதா கோயில் பிள்ளைகளை நத்தார் பாட்டுப் பாட ஒரு டிவி நிலையம் கூப்பிட்டது. கொழும்புக்கு என்றதும் எனக்குப் பாட்டு மறந்துவிட்டது. அம்மா இருக்கிற ஊராயிற்றே. பஸ் கொழும்புக்குள் நுழைந்ததிலிருந்து ஒவ்வொரு மாடி வீட்டையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். ஏதாவது ஒரு குசினி ஜன்னலில் அவள் நிற்பாள் என்று அவ்வளவு நிச்சயம். ஒரு ஜன்னலிலும் அவள் இல்லை. திரும்பி வரும்போது, எங்களைக் கூட்டிப் போன மடத்துச் சிஸ்டர் கொடுத்த பணிஸைக்கூட நான் சாப்பிடவில்லை.

ஸ்டூடியோவில் உயரம் பார்த்து நிறுத்தினார்கள். நான் அந்த வருடம் கேட்பாரில்லாமல் வளர்ந்திருந்தேன். சிஸ்டர் என்னைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் விட்டார். அதனால் என்ன, அம்மா பார்த்தால் போதும். அடுத்த ஞாயிறு போனில் நாளும் நேரமும் சொல்லி, அவளை மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

பாட்டு டிவியில் வந்த அன்று மாலை அத்தையின் லயக் காம்பராவில் நிற்க இடமில்லை. அத்தை வீட்டில் பின்பக்கம் புடைத்த பழைய டிவி, கூரையில் டிஷ். பாட்டுத் தொடங்கியது. கெமரா தூரத்தில் ஒரே இடத்தில் நின்று வரிசையைக் காட்டியது. ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்றவளின் பாதி முகம் வந்தது. அத்தோடு டிவியின் கண்ணாடி முடிந்துவிட்டது.

நான் எழுந்து போய் டிவியின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். அங்கே தூசிதான் இருந்தது. காம்பராவே சிரித்தது. நெட்டையாக நின்று அழகைக் கெடுத்ததால் வெட்டிவிட்டார்கள் என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். அப்பா வெளியே போய்விட்டார். அவ்வளவு பேர் நடுவில் நான் தனியாக நின்றேன். அந்த வெட்கம் இப்போதும் எனக்குச் சுடுகிறது.

மறுநாள் காலையிலேயே அம்மா பேசினாள்.

"பாத்தேன் புள்ள. கடைசியில நின்ன. எவ்வளவு வளந்துட்ட."

"பொய் சொல்லாதீங்கம்மா. நான் டிவியில வரவே இல்ல. என்ன வெட்டிட்டாங்க."

"வரலியா?" என்று மெல்லக் கேட்டாள். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நான் டிவியில் வரவில்லை என்றுதான் அப்பாவும் சொன்னார். பார்த்ததைத்தானே அவர் சொல்ல முடியும்.

என்னைச் சமாதானப்படுத்த அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த இரண்டு ஞாயிறும் போனுக்குப் போகவில்லை. தை பிறந்ததும் அம்மா பையோடு வந்து இறங்கினாள். நல்ல இடத்தை விட்டுவிட்டு வந்தாளே என்று அத்தை திட்டினாள். அம்மா காரணம் சொல்லவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தேன்.

இப்போது மாத்தளை டவுனில் டிவி விற்கிற ஒரு கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர் வந்து, தன் வீட்டுப் பழைய டிவியில் செய்திக்கு அடியில் ஓடும் எழுத்து இரண்டு பக்கமும் அறுந்து போகிறது என்றார். எங்கள் டெக்னீசியன் அவருக்கு விளக்கினான். இப்போதெல்லாம் படத்தை அகலமாக எடுக்கிறார்கள். பழைய டிவி அகலம் குறைந்தது. அதனால் டிஷ் பெட்டி இரண்டு ஓரத்தையும் வெட்டி, நடுவை மட்டும் காட்டுமாம். புது டிவியில் அதே படம் முழுதாகத் தெரியும்.

கையில் இருந்த பில் புத்தகத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொழும்பு வீட்டில் அகலமான புது டிவி இருந்ததை அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போனதும் விஷயத்தைச் சொன்னேன். அம்மா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அப்ப அது நீதானா?"

அம்மா சொன்னாள். அன்று நோனாவைக் கூப்பிட்டு, அந்தக் கடைசியில் நிற்பது என் மகள் என்று காட்டினாளாம். நோனா அவளுக்கு நாற்காலி போட்டாளாம். மறுநாள் நான் வரவே இல்லை என்றேன், அப்பாவும் அதையே சொன்னார்.

"வேற யாரோ புள்ளய நீன்னு நெனச்சிட்டேன்னு பயந்துட்டேன். பெத்த புள்ளயவே அடையாளம் தெரியலன்னா அப்புறம் அங்க எதுக்கு இருக்கணும். அதான் வந்துட்டேன்."

வந்த புதிதில் அவள் தினமும் என்னை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, தாடையைப் பிடித்து உற்று உற்றுப் பார்ப்பாள். என் முகத்தைத் திரும்பப் பழகிக்கொள்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பேன் பார்க்கிறாள் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொள்வேன்.