ஏழாவது பெயர்

எங்கள் கொள்ளுத்தாத்தா ஒற்றைக் கோடரியோடு வந்து காட்டை அழித்து ஊரை உண்டாக்கினார் என்ற கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையும் வளர்ந்ததில்லை. சொல்கிறவரைப் பொறுத்துக் காடு மாறும். அப்பா சொன்னால் அதில் முள்ளும் கள்ளியும் இருக்கும். பெரியப்பா சொன்னால் சிறுத்தையும் வந்துவிடும். பாம்புகளின் எண்ணிக்கை வருசத்துக்கு வருசம் ஏறிக்கொண்டே போனது. பஞ்சத்துக்குப் பயந்து கொள்ளுத்தாத்தாவோடு கிளம்பி வந்தவை இன்னும் ஐந்து குடும்பங்கள். ஆக, ஊரில் மொத்தம் ஆறு வகையறா. அவர்கள் முள்ளை வெட்டினார்கள், மாதா கோயிலைக் கட்டினார்கள், கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் போட்டார்கள். இடையில் எங்கேயோ, 'அப்புறம் கெணறு வெட்டினாங்க, தண்ணி வந்துச்சி' என்று ஒரு வரி வரும். அதை யாரும் நீட்டிச் சொன்னதில்லை.

திண்டிவனத்தில் பஸ் பிடித்து, சாலையில் இறங்கி, அரை மணி நேரம் செம்மண் பாதையில் நடந்தால் எங்கள் ஊர் வரும். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஊருக்குப் பவள விழா எடுத்தார்கள். விழாக் கமிட்டிக்கு அப்பாதான் தலைவர். வேறு யாரை வைப்பார்கள்? கோயில் வாசலில் ஒரு கருங்கல்லை நட்டு, ஊரை உண்டாக்கியவர்களின் பெயர்களை அதில் பொறிப்பது என்று முடிவானது. திண்டிவனத்தில் இருந்த கல் செதுக்குகிறவர், பெயர்களைத் திருத்தமாக எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று டீச்சரே சொன்னதுண்டு. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. ஒரு வாரத்துக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் பாயைப் போட்டு, ஸ்கேலால் கோடு கிழித்து எழுதிக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். ஊர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் தனியாக இருந்த வீட்டுக்காரர் அவர். எழுபத்தைந்து வயது இருக்கும். எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அவர் எங்கள் வீட்டு வேலியைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. அவருடைய பேத்தி ஸ்டெல்லா என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள்.

அவர் தயங்கித் தயங்கித்தான் பேச ஆரம்பித்தார். அந்தக் கிணற்றை வெட்டியவர் அவருடைய அப்பா. ஆறு குடும்பமும் வந்த அதே மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் நடந்து வந்தவர். நாற்பதடியில் பாறை வந்ததும் வெடி வைத்திருக்கிறார்கள். மறுநாள் உள்ளே இறங்கிய அவர்மேல் பக்கத்து மண் சரிந்து, அங்கேயே செத்துப்போனார். இவர் அப்போது கைக்குழந்தை. நேற்றுப் பெய்த மழையைப் பற்றிச் சொல்வதுபோல்தான் இதையெல்லாம் சொன்னார்.

"பாப்பா, எங்கப்பா பேரையும் அடியில எழுதிடும்மா. சவரிமுத்துன்னு. எங்கள இன்னும் பொழைக்க வந்தவங்கன்னுதான் சொல்லிக்கினு இருக்காங்க. எம் பேரப்புள்ளைங்கள நாளைக்கு எவனும் அப்படிச் சொல்லக் கூடாது."

நான் எழுதினேன். 'சவரிமுத்து, கிணறு வெட்டியவர்'. தாளைத் தூக்கிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எது என்று கேட்டார். ஏழாவது வரியைத் தொட்டுக் காட்டினேன். வேலிக்கு மேலே குனிந்து நெடுநேரம் அதையே பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. "கல்லுல எடம் பத்தாது. வேற பேப்பர்ல எழுதிக்கினு வா" என்று மட்டும் சொன்னார். ஏழாவது வரி இருந்த இடத்தில் விரலை வைத்து, கல்லுக்கு உபயம் என்று தன் பெயரைப் போடச் சொன்னார்.

எனக்கு அப்போது வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. முதல் ஆறு பெயர்களுக்கும் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது. எல்லா வரிகளும் ஒரே நீளத்தில் அழகாக நின்றன. ஏழாவது பெயருக்குப் பட்டம் கிடையாது. 'கிணறு வெட்டியவர்' என்று சேர்த்தும் அந்த வரி மட்டும் வேறு மாதிரி தெரிந்தது. என் தாளின் அழகே கெட்டுப்போனதாக எனக்கு ஒரு குறை. புதுத் தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். அந்தப் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

விழா அன்று பங்குச் சாமியார் கல்லுக்குத் தீர்த்தம் தெளித்தார். வேட்டு போட்டார்கள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சால்வை போர்த்தினார்கள். கூட்டம் பொங்கல் வாங்கப் போனபோது கல்லுக்கு முன்னால் நான் மட்டும் நின்றிருந்தேன். என் கையெழுத்தையே பார்த்துச் செதுக்கியிருந்தார்கள், அந்தப் பெருமையில் கால் நகரவில்லை. அப்போதுதான் அவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கையில் ஒரு முழம் சாமந்தி. கூடவே ஸ்டெல்லா.

"எந்த வரி பாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்பா எடுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். பத்தடி தள்ளி அப்பா நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். அடியில் எழுதச் சொல்லித்தானே இவர் கேட்டார் என்று ஏதோ ஒரு கணக்கில், நான் கடைசி வரியைக் காட்டினேன். அது அப்பாவின் பெயர்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். விரல்களால் அந்த வரியை இடமிருந்து வலமாகத் தடவினார். விரல்களை உதட்டில் வைத்து முத்தி செய்தார். பூவைக் கல்லின் அடியில் வைத்தார். பிறகு பேத்தியைப் பக்கத்தில் இழுத்து, "நீ படிச்சிக் காட்டு ஆயா" என்றார்.

ஸ்டெல்லா எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள். திக்காமல் படிப்பாள். அவள் கல்லைப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை, பிறகு மறுபடியும் ஒருமுறை. அதற்குப் பின் என்னைப் பார்த்தாள். நான் கும்பிடாத குறையாக நின்றேன்.

"சவரிமுத்து, கிணறு வெட்டியவர்" என்று அவள் தாத்தாவின் காதருகே குனிந்து திக்காமல் படித்தாள்.

பெரியவர் அழுதார். அவர் கல்லின் முன் மண்டியிட்டிருந்ததை அப்பாவும் பார்த்திருக்கிறார். அன்றைக்குச் சாப்பிடும்போது, "நம்ம மேல எவ்ளோ மரியாதை வெச்சிக்கினு இருக்காரு பாரு, எம் பேரத் தொட்டு முத்தி செய்யறாரு" என்று அம்மாவிடம் சொல்லி நெகிழ்ந்துபோனார். நான் முதலில் எழுதிய தாளை அம்மா பார்த்திருந்தாள். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஸ்டெல்லாவுக்கு என் புதுப் பேனாவைக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். மதியம் மல்லாட்டை உருண்டை கொடுத்தேன். அதற்கும் கை நீட்டவில்லை. அந்த வாரமே கண் சரியாகத் தெரியவில்லை என்று டீச்சரிடம் சொல்லி முதல் பெஞ்சுக்கு மாறிப் போனாள். இவ்வளவு பெரிய உதவி செய்துவிட்டு எதற்கு இந்த முறைப்பு என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் இரண்டு வருசம் இருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் அவரைக் கைப்பிடித்துக் கல்லிடம் கூட்டிவருவாள். அவர் கடைசி வரியைத் தடவுவார். அவள் கல்லில் இல்லாததை ஒரு வார்த்தை பிசகாமல் படித்துக் காட்டுவாள். நான் கோயில் படியில் நின்று பார்ப்பேன். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் வாராவாரம் அவள் இதைச் செய்கிறாள் என்று அப்போது நினைத்து, மனதுக்குள் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.