தெற்கே திருப்பிய பெட்டி

நூம்பலில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு தாத்தாவின் வீடும் ஒரு கிணறும் இருந்தன. தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், அவர் வாய்க்கு இல்லை. கல்யாணப் பந்தியில்கூட "உள்ள போ, உள்ள போ, எடம் கீது" என்று ஆட்களை நகர்த்திக்கொண்டே இருப்பார். எனக்கு அவர் என்றால் உயிர். அவர் இல்லாத வீட்டில் எனக்கு இன்னும் சோறு சரியாக இறங்குவதில்லை.

நிலத்தை பில்டருக்குக் கொடுத்தபோது கிணற்றைத் தூர்த்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். கிணற்றை மூடினால் அது மூச்சு விட ஒரு குழாயை விட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பில்டரின் ஆட்கள் ஒப்புக்கு ஒரு துண்டுக் குழாயை நட்டுவிட்டு நழுவப் பார்த்தார்கள். தாத்தாவா விடுவார்? அடிவரை குழாயை இறக்கவைத்து, அதைச் சுற்றித்தான் கல்லும் மண்ணும் கொட்டவிட்டார். அதன் வாய் இன்றும் கார் நிறுத்துமிடத்தில், ஒரு தூணை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது.

சாயங்காலம் ஆனால் தாத்தா கீழே இறங்கி, குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். என்னையும் வைக்கச் சொல்வார்.

"மூச்சு வுடுது பாரு கண்ணு. மழ வரப்போவுது."

நான் இன்ஜினியரிங் படித்தவள். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் மண்ணுக்குள் இருக்கும் காற்று மேலே வரும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தான நானும் சொல்றேன்" என்றார். விளக்கம் கொடுத்தேனே தவிர, அங்கே கை வைக்க எனக்குப் பிடிக்காது. அந்தக் காற்று ஈரமாக, வெதுவெதுப்பாக, விட்டுவிட்டு வரும். கீழே யாரோ அசந்து தூங்குவதுபோல இருக்கும். கையை எடுத்ததும் துப்பட்டாவில் துடைத்துக்கொள்வேன்.

ஐப்பசியில் ஒரு மூடாக்கான காலையில் தாத்தா போய்விட்டார். டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்துவிட்டுப் போனார். ஃப்ளாட்டுகளில் சாவு வீடு என்பது கார் நிறுத்துமிடம்தான். வண்டிகளை வெளியே எடுத்துவிட்டு ஃப்ரீசர் பெட்டியை வைத்தார்கள். கொண்டுவந்தவர்கள் இடம் பார்த்து வைத்திருந்தார்களே ஒழிய திசை பார்க்கவில்லை. தலை தெற்கே இருக்க வேண்டும் என்று பெரிய மாமா சத்தம் போட்டு, பெட்டியைத் திருப்பச் சொன்னார். தலைமாடு தூணோரம் போய் நின்றது. இருந்த அழுகையில் குழாயை யார் நினைத்தார்கள்.

மதியம் காற்றே இல்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தாத்தாவின் முகத்துக்கு மேலே மட்டும் கண்ணாடியில் ஆவி படிந்தது. பெரிய மாமா துண்டால் துடைத்தார். மறுபடி படிந்தது. கொஞ்சம் கலைந்தது, மறுபடி படிந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"அப்பா மூச்சு வுட்றாரு" என்றாள் அம்மா. சத்தமே இல்லாமல் சொன்னாள்.

படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, நானும் நம்பினேன். எழுந்து வந்துவிடு தாத்தா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். மூடியைத் திறந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை, நம் கைக்குத் தெரியவில்லை என்றாள். மூடியை மூடினார்கள். மறுபடி ஆவி படிந்தது.

நான் தலைமாட்டுப் பக்கம் குனிந்தேன். என் கழுத்தில் அந்த ஈரக் காற்று பட்டது. திரும்பிப் பார்த்தேன். குழாயின் வாய் கண்ணாடியை ஒட்டி இருந்தது.

பெட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்றேன். நான்கு பேர் பிடித்து நகர்த்தினார்கள். எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியாது, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி ஓரத்திலிருந்து மெல்லக் கலைந்து, தாத்தாவின் முகம் முழுதாகத் தெரிந்தது. எல்லோரும் காத்திருந்தோம். மறுபடி படியவே இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அன்றைக்கும் அதற்குப் பிறகும் அம்மாவுக்கு எத்தனையோ தடவை விளக்கிவிட்டேன். அவளும் தாத்தாவைப்போலவே பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்.

போன வாரம் குடியிருப்போர் கூட்டத்தில், இன்னொரு கார் நிறுத்தலாம் என்று அந்தக் குழாயை வெட்டி சிமெண்ட் பூசப் பார்த்தார்கள். நான் கத்திய கத்தலில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். அதைச் சொல்லலாம் என்று அம்மாவைத் தேடினேன். தூணருகே குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தாள். மழை வருமா என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை.

"நல்லாத்தான் மூச்சு வுட்டுகினு இருந்தாரு. நீதான் பொட்டிய நகத்தச் சொன்னே."