மேற்கே நடந்த தண்ணீர்

வாய்க்காலில் தண்ணீர் மேற்கே நடந்து வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளே. புரட்டாசி மாதம், காலை ஏழு மணி வெயில். காய்ந்து வெடித்துக் கிடந்த வாய்க்கால் தரையில், ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, அதை நிரப்பிவிட்டு மறுபடி மேலே எழுந்து, நிதானமாக வந்துகொண்டிருந்தது. முன்னால் நுரை, நுரைக்குப் பின்னால் நகக்கண் அளவு மீன் குஞ்சுகள். நான் பிறந்தது வலங்கைமான் பக்கம். அங்கே தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகும். அதற்கு வேறு வழி தெரியாது. இதுவோ கிழக்கிலிருந்து வருகிறது. காவேரி நிறைந்து கடல்வரை போய், இடம் போதாமல் நம் பக்கமே திரும்பிவிட்டாள் என்று நினைத்தேன். ஆண்டவருடைய கைவேலையை நேரில் பார்க்கிறோம் என்று உடம்பு சிலிர்த்தது. கைலியை மடித்துக் கட்டி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் வயலின் மடையை வெட்டித் திறந்துவிட்டேன்.

அந்த வயல் உங்கள் மாமாவுடையது, அம்மாவின் அண்ணனுடையது. எனக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. மாமாவோடு சேர்ந்து பயிர் செய்யலாம் என்று, வேதாரண்யத்துக்கு வடக்கே, ஆற்றுப் பாசனம் முடிகிற இந்தக் கடைசி ஊருக்கு வந்திருந்தேன். அந்த வருடம் ஆற்றுத் தண்ணீர் இங்கே வந்து சேரத் தாமதமாயிற்று. புழுதியில் விதைத்த நாலு ஏக்கர் சம்பாப் பயிரும் ஒரு மாதக் குருத்தாக மஞ்சளடித்து நின்றது. மாமாவின் வீட்டுக்கு அந்த நாலு ஏக்கரை விட்டால் வேறு சோறு இல்லை. அத்தையைப் பிரசவத்துக்கு நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால், மாமா பஸ் ஏறும்போது வயலை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். "தண்ணி வந்தா விட்டுருங்க மாப்ள. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

முக்கால் வயல் நனைந்திருக்கும். எதிர்க்கரையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரப் பெண்மணி கத்தினார். "மாப்பிள்ளே! நீங்க பாட்டுக்குத் தொறந்துட்டீங்களே, வாயில வச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்குக்கா? கண்ணாடி மாதிரி இருக்கே தண்ணி."

"கண்ணாடியில அப்புறமா மூஞ்சி பாத்துக்கலாம். மொதல்ல நக்கிப் பாருங்க!"

ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். உப்பு. நாக்கின் ஓரமெல்லாம் எரிந்தது.

இந்த ஊரில் பாசனத்துக்கும் வடிகாலுக்கும் ஒரே வாய்க்கால்தான். ஆற்றுத் தண்ணீர் குறைந்திருக்கும்போது, அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறினால் அதன் வழியே உள்ளே வந்துவிடும். அதனால் இங்கே யாராக இருந்தாலும் ஒரு வாய் சுவைத்துப் பார்க்காமல் மடையைத் தொடுவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் இதையெல்லாம் சொல்லவேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. மடையை அடைத்துவிட்டுக் கடல் இறங்கும்வரை கரையில் நின்றேன். மத்தியானம் இறங்கியது. நின்ற தண்ணீரை வடித்தேன். போன தண்ணீர் பயிரின் காலில் வெள்ளையாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது.

மாமா சாயங்காலம் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். பெண் குழந்தை. ஆனால் டீக்கடையில் அதற்குள் வேறு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "வலங்கைமான் மாப்பிள்ளை வயலுக்கே உப்புக்கண்டம் போட்டுட்டாருய்யா!" மாமா நேராக வயலுக்கு வந்தார். ஒரு பயிரைப் பிடுங்கி, வேரை அலசிப் பார்த்தார். "வேரு இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு" என்று பயிரிடம் சொல்வதுபோல் சொன்னார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் நீட்டினார். "எடுத்துக்குங்க. மாமா ஆயிட்டீங்க." இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வீட்டில் உங்கள் அம்மா வேறு, "எங்கண்ணன் கத்துனா கோவம் இல்ல. பேசாம இருந்தாத்தான் கோவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாட்களில் பயிரின் நுனிகள் நெருப்புப் பட்டதுபோல் கருக ஆரம்பித்தன. ஜெபம் சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆண்டவர் படைப்பை வியந்துதானே இந்த வேலையைச் செய்தேன்? நாலாம் நாள் வரப்பில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "ஆண்டவர் எதுக்கு மச்சான் இம்மாந்தண்ணியை உப்பாப் படைச்சாரு?"

"பூசைக்குப் போறப்ப அவரையே கேளுங்க" என்றார். அவர் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் சிரிப்பு. "நான் கேக்குறது மழை ஒண்ணுதான். அதுவும் அங்கேர்ந்துதான் வரணும்." மோவாயால் கிழக்கே காட்டினார். கடல் இருக்கும் பக்கம்.

ஏழாம் வகுப்பில் நான் இதைப் படமாக வரைந்திருக்கிறேன். கடல், மேகம், மழை, நடுவில் அம்புக்குறிகள். வாத்தியார் 'சரி' போட்டார். அந்த வரப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. எந்தத் தண்ணீர் வந்து வயலைக் கெடுத்ததோ, அதே தண்ணீர் உப்பைக் கீழேயே விட்டுவிட்டு மேலே ஏறி, நம் தலைக்கு மேல் வந்து, கெட்டதைக் கழுவ வேண்டும். அதை ஒரு வடிகட்டியும் இல்லாமல், சத்தமும் இல்லாமல், தினம் தினம் யாரோ செய்துகொண்டிருக்கிறார். முதல் நாள் நான் வியந்தது கண்ணுக்கு அழகாக இருந்ததை. இப்போது வியந்தது அது இல்லாவிட்டால் செத்துப்போவோம் என்பதை. இரண்டும் ஒன்றல்ல, பிள்ளைகளே.

இப்போது முகத்துவாரத்தில் ஷட்டர் போட்டிருக்கிறார்கள். கடல் முன்போல் சுலபமாக உள்ளே வருவதில்லை. மேகம் எங்கே நிற்கிறது என்று நீங்கள் ஃபோனிலேயே எனக்குக் காட்டுகிறீர்கள். நல்லதுதான். காட்டும்போது ஒரு நிமிடம் தலையைத் தூக்கி அந்த மேகத்தையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆறாம் நாள் மழை வந்தது. விடாமல் பெய்தது. மழைத் தண்ணீரை வயலில் தேக்கி, ஒரு நாள் நிற்கவிட்டு, கடல் இறங்கும் நேரம் பார்த்து வடித்தோம். மறுபடி தேக்கினோம், மறுபடி வடித்தோம். பள்ளத்தில் இருந்த ஒரு ஏக்கர் போயே போய்விட்டது. மேட்டுப் பயிரைக் கலைத்து அங்கே நட வேண்டியிருந்தது. மற்ற மூன்று ஏக்கரிலும் கருகிய நுனிக்குக் கீழே புதுக் குருத்து தெரிந்தது. ஒவ்வொரு தடவை வடிக்கும்போதும் மாமாதான் குனிந்து அள்ளிச் சுவைப்பார், துப்புவார், "இன்னும் இருக்கு" என்பார். உப்பு போய்விட்டால்தான் மடையை மூடி, மிச்சத் தண்ணீரைப் பயிருக்கு நிறுத்தலாம்.

நாலாவது தடவை வடிந்துகொண்டிருந்தபோது அவர் குனியவில்லை. மண்வெட்டியில் மண்ணை அள்ளி மடையின் மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். எதிர்க்கரையில் அந்தப் பெண்மணியும் இன்னும் நாலு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க மாப்ள. மூடவா?"

ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். சேற்று வாசனை, வேர் வாசனை. பயத்தில் இன்னொரு கை அள்ளினேன். இந்தத் தடவை துப்பாமல் விழுங்கினேன்.

"மூடுங்க மச்சான்" என்றேன்.

அவர் ஒரு சொட்டும் சுவைத்துப் பார்க்காமல் மண்ணைப் போட்டு மூடினார்.