மாடத்துக் குரலுக்கு அம்மா சொன்ன பதில்

எண்பதுகளின் நடுவில், வெளிநாட்டில் லா சப்பல் என்ற இடத்துக்குப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றை அம்மா சுத்தம் செய்து வந்தார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். உதவிக்கு என்று பெயர். உருகிக் காய்ந்த மெழுகைச் சுரண்டுவதைத் தவிர நான் அங்கே ஒன்றும் கிழித்ததில்லை.

அந்தக் குளிர்காலம் அங்கே ஒரு பாட்டுக்குழு ஒத்திகை பார்த்தது. நானூறு வருடத்துக்கு முந்திய இத்தாலியப் பாணியாம். பாடகர்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பீடத்தடியில் இருபது பேரும் வயலின்களும். பின்னால், உயரே ஓர்கன் மாடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் இரண்டே குரல்களும் ஒரு சின்னக் குழலும். கீழே நிற்பவர்கள் முழங்கி நிறுத்துவார்கள். கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து யாரோ மெல்லத் திருப்பிச் சொல்வார்கள். மனிதர்கள்தான் என்று தெரிந்தும் திரும்பிப் பார்க்க எனக்குப் பயம்.

நாங்கள் இங்கே வந்தபோது அண்ணா மட்டும் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். அவருடைய கடிதம் வந்து ஐந்து மாதம். அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தரம் கடிதப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். அந்தச் சனிக்கிழமை மட்டும் பார்க்காமலே தாண்டி நடந்தார். அப்பாவும் வேலைக்குப் போகாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலையிடி என்றார்கள்.

அன்று வயலின்கள் அடங்கியதும், மாடத்திலிருந்து ஓர் இளைஞனின் குரல் தனியாக வந்தது. ஒரே சொல். கொஞ்சம் பொறுத்து, அதே சொல், இன்னும் தூரத்தில். ஆள் தெரியாத குரலுக்கு மூன்றாம் தரம்தான் பதில் சொல்ல வேண்டும், முதல் இரண்டும் பேயாக இருக்கலாம் என்று அம்மா எனக்குச் சொல்லித் தந்திருந்தார். விரலை மடக்கி எண்ணினேன். மூன்றாம் தரம் அது அழைத்ததும், அம்மா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சாத்திவிட்டு இருண்ட மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் ராசா. போ," என்றார்.

எனக்குப் பயம்தான். ஆனாலும் பிழை பிழைதானே. கடைக்குப் பாண் வாங்கப் போகிறவரைக்கூட எங்கள் வீட்டில் "போட்டு வா" என்று, திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்புவோம். வெறும் "போ" என்றதற்கு ஒருமுறை என் வாயில் அடித்தவரே அம்மாதான்.

"போட்டு வா எண்டெல்லோ சொல்லோணும், அம்மா?" என்றேன்.

அம்மா கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார்.

அம்மாவிடம் பிழை கண்டுபிடித்த பெருமை எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடியே விம்மி அழுதார். தலையிடி இன்னும் மாறவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, போய்த் தைலப் போத்தலை எடுத்து வந்தேன்.