ஏசு, அது போதும்

கடவுளை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டுவதை நான் முதன்முதலாகக் கேட்டது கோயிலுக்குள்ளேதான். திட்டியவள் என் சித்தி. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்காக மந்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பொய்க்கு என்ன தண்டனை, பூசையில் தூங்கினால் என்ன தண்டனை என்றெல்லாம் மந்திரம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் பயமுறுத்தி வைத்திருந்தார். ஆண்டவரை நேருக்கு நேர் திட்டினால் என்ன ஆகும் என்று மட்டும் அவர் சொல்லித் தரவில்லை. அப்படியொரு பாவம் இருக்குமென்று அவருக்கே தோன்றியிருக்காது.

சித்தப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நெடுநாள் கழித்து உண்டான பிள்ளை என்பதால் சித்தியைப் பிரசவத்துக்குப் பாலக்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். ஆண் குழந்தை. நீலமாகப் பிறந்தது. ஞானஸ்நானம் கொடுக்க மருத்துவச்சி தண்ணீர் எடுத்து வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அந்நாளில் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது. சித்தி மயக்கம் தெளிவதற்கு முன்பே சுவருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சித்தி பேசவில்லை, அழவும் இல்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். ஒரு மத்தியானம் கொல்லைக் கிணற்றுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றவளை அம்மா ஓடிப்போய் இழுத்து வந்தாள். கிணற்றுக்குப் பலகை போட்டார்கள். சித்திக்கு என்னைக் காவல் போட்டார்கள்.

"அவ எங்க போனாலும் நீயும் போ. முந்தானையை விடாத" என்றாள் அம்மா.

புத்தி சொல்லத் தெருப் பெண்கள் வந்தார்கள். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார்கள், உனக்கென்ன வயதா போயிற்று என்றார்கள். துக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்ல மட்டும் எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொருத்தி போன பிறகும் சித்தி இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போனாள். கடைசியில் அம்மா சாமியாரை வரவழைத்தாள்.

அவர் ஊருக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சாமியார். புத்தகத்தில் இருப்பது போலவே தமிழ் பேசுவார். அம்மா காப்பி போட உள்ளே போனாள். சாமியார் சித்தியின் எதிரே உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "மகளே, ஜெபம் வரவில்லையா? வேண்டாம். ஆண்டவர் சந்நிதியில் போய் அமர்ந்திரு. ஏசு... ஏசு... அது போதும்."

சித்தி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் காதிலும் அப்படியேதான் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் சித்தி தானாகக் கோயிலுக்குக் கிளம்பினாள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். உள்ளே ஈ, காக்கை இல்லை. இருதய ஆண்டவர் சுரூபத்தின் முன்னால் போய் நின்றாள். முழங்கால் போடவில்லை.

"சேசுவே, இருதயத்தை வெளியே எடுத்துக் காட்டிக்கிட்டு நிக்கிறீரே, அதுல ஈரம் இருக்கா?" என்றாள்.

கூரை இடிந்து விழப்போகிறது என்று அண்ணாந்து பார்த்தேன்.

"சேசுவே, நீர் செத்தப்போ உம்ம அம்மா மடியிலதானே கிடத்தினாங்க? எம்மடியில ஒரு நிமிஷம் கிடத்த விட்டீரா? சேசுவே, பச்சைப் புள்ளையச் சுவத்துக்கு வெளியில போட்டீரே, நாய் நரி போற எடத்துல! நீரெல்லாம் ஒரு சாமியா?"

கூரை விழவில்லை. சித்திதான் தரையில் விழுந்து, பெருங்குரலெடுத்து அழுதாள். பிள்ளை போன பிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆண்டவரைத் திட்டிவிட்டு வந்தவளுக்குத் தொண்டையில் சோறு எப்படி இறங்குகிறது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் இதே கதைதான். ஒருநாள் உபதேசியார் காதில் விழுந்துவிட்டது. மனிதர் பேயைக் கண்டவர் போல எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"கோயிலுக்கும் வரக்கூடாதுன்னு சாமி சொல்லிட்டா அவ எங்கங்க போவா? கிணத்துக்குத்தான் போவா" என்று அம்மா அழுதாள்.

அப்பா எங்கள் இருவரையும் சாமியார் பங்களாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். கூடவே வந்த உபதேசியார், காதில் விழுந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தார். சாமியார் சித்தியைப் பார்த்தார்.

"நீங்கதானே சாமி சொன்னீங்க, ஏசு, ஏசு, அது போதும்னு?" என்றாள் சித்தி.

வெள்ளைக்காரர்கள் முகம் சிவந்து பார்த்திருக்கிறேன். அவர் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், நிறுத்திக்கொண்டார்.

"மகளே, இப்போது உணவு உண்கிறாயா?"

"சாப்பிடுறேன் சாமி."

"அழுகை வருகிறதா?"

"வருது சாமி."

சாமியார் அப்பாவிடம் திரும்பி, "நான்தான் சொன்னேன்" என்றார். சித்தியிடம், "போதும் என்று சொன்னது மட்டும் என் பிழை. இன்னும் ஏசு" என்றார்.

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா மனம் தாளாமல், பள்ளிக்கூடத்தில் தன்னோடு வேலை பார்த்த ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வாத்தியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவரோ, "இதுக்கா ஓய் இப்படி வெலவெலத்துப் போயிட்டீர்? எங்களவா இதை நிந்தாஸ்துதின்னு சொல்லுவா, திட்டியே துதிக்கறது. எங்க பெருமாள் இதைக் கேட்டுண்டேதான் பள்ளிகொண்டிருக்கார்" என்று சிரித்தாராம். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

சாமியாரின் முகம் ஏன் வெளுத்தது என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. எங்கள் கத்தோலிக்க வேதத்தில் அப்போது ஆண்டவர் பெயர் சேசு. தும்மினால்கூட 'சேசு மரி சூசை' என்போம். ஏசு என்பது புரோட்டஸ்டண்டுக்காரர்கள் சொல்வது. சாமியாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புலவர் அந்தச் சபைக்காரராம். பாவம், சாமியார் ஆண்டவர் பெயரைச் சொல்லச் சொன்னார். எங்களுக்கு ஏசு என்றால் திட்டு என்றுதான் அர்த்தம்.

மறுநாளும் சித்தி போனாள். சாமியார் ஓசைப்படாமல் வந்து கடைசி வரிசையில் முழங்கால் போட்டார். அவள் திட்டத் திட்ட அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இவருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். ஒவ்வொரு திட்டுக்கு முன்னாலும் சித்தி 'சேசுவே' என்று கூப்பிட்டாள். அவர் சொல்லச் சொன்ன பெயரை அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அது அன்று என் காதில் விழவே இல்லை. நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.