இடிக்குக் கழற்றிய பெட்டி

அந்தக் கார்த்திகைப் புயலில் கொடிகாமத்தில் முதலில் கரண்ட் போனது. பிறகு கைப்பேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. என் மனைவி தலைப்பிள்ளைக்காகப் பருத்தித்துறையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். வலி தொடங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வெட்டித்தான் எடுக்க வேண்டி வரலாம் என்பது போனில் கிடைத்த கடைசிச் செய்தி. இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கும் வெட்டவெளியில் வெள்ளம் வீதியை மூடிக் கிடந்தது. போக வழியில்லை.

மிச்சமிருந்தவை நாங்கள் சில கூட்டாளிகள் விளையாட்டாகத் தொடங்கிய பெட்டிகள்தான். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வானொலிப் பெட்டி, அதற்கொரு குட்டி ஏரியல், பற்றரி. ஒரு வீட்டுப் பெட்டி தனக்குக் கேட்ட குறுஞ்செய்தியை அடுத்த வீட்டுப் பெட்டிக்குச் சொல்லும். அது அதற்கடுத்த வீட்டுக்குச் சொல்லும். கோபுரமும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம்; பக்கத்தில் இருக்கும் பெட்டியோடு கைப்பேசியை இணைத்தால் எழுதலாம், வாசிக்கலாம். பருத்தித்துறை வரை தெரிந்தவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிகளில் கட்டி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரிப் பக்கம் மனைவியின் தம்பி ஒரு பெட்டியோடு நின்றான்.

மத்தியானம் வரை "இன்னும் இல்லை அத்தான்" என்றாவது வந்துகொண்டிருந்தது. பிறகு இடி முழங்கியது, செய்தி நின்றுபோனது. இடி ஓய்ந்த பிறகும் ஒன்றும் வரவில்லை. எந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று கைப்பேசியில் பார்த்தேன். வெளிக்கு இந்தப் பக்கம் மாடி வைத்த ஒரே வீட்டின் பெட்டிதான் பேச்சு மூச்சில்லாமல் இருந்தது. வெளி தாண்டி வரும் செய்தி அந்த உயரத்தில்தான் வந்து விழவேண்டும். பெரியம்மா வீடு! எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் வானம் முழங்கினால் ரீவி வயர், பிரிட்ஜ் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை. பெரியம்மா அதில் எல்லோரையும் விட ஒரு படி மேல்.

அம்மாவுக்கும் அவருக்கும் கிணற்றுப் பங்கில் கோபம். அக்காவும் தங்கையும் பேசி வருடக்கணக்காகிறது. நான் மோட்டார்சைக்கிளை எடுக்க, அம்மா குடையோடு பின்னால் ஏறினார். மனைவிக்கு ஏதும் ஆகிவிட்டால் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. பெரியம்மாவை நன்றாக ஏசிவிடுவதென்றுதான் போனேன்.

பெட்டி துவாயில் சுற்றப்பட்டு, தகர அரிசி வாளிக்குள் இருந்தது. மூடியும் போட்டிருந்தது.

"ஏனாம் கழட்டினவ எண்டு கேள்," என்று அம்மா என்னிடம் சொன்னார். பெரியம்மா கையெட்டும் தூரத்தில்தான் நின்றார்.

"இடி விழுந்து பெட்டி எரிஞ்சா, பிறகு பெட்டையின்ரை சேதி எப்பிடி வருமாம்? கொம்மாட்டைக் கேள்," என்றார் பெரியம்மா, அவரும் என்னிடம்.

கோபம் போன இடம் தெரியவில்லை. மாடிக்கு ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டினேன். இறங்கி வந்து மூன்று பேரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கிணுங்கியது.

"பொம்பிளைப் பிள்ளை. வெட்டித்தான் எடுத்தவை. அக்கா சுகம், கதைக்கிறா. பதில் போடுங்கோ அத்தான்."

பதில் வராததால் அவன் விடாமல் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். "அக்கா சுகம்" என்ற இடத்தில் அழுதுவிட்டேன். அம்மா என் முதுகைத் தடவினார்.

பெரியம்மா உள்ளே போய் ஒரு போத்தலை எடுத்து வந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கிற சரக்குத் தூள். அம்மா அவருக்கு ஒன்றும் அறிவித்ததில்லை. யாரிடம் கேட்டு மாதம் எண்ணினாரோ தெரியாது.

"போன மாசமே இடிச்சு வைச்சிட்டன். வெள்ளம் வடிஞ்ச உடன கொண்டு போகச் சொல்லு, கொம்மாட்டை."

அதற்கான பதிலை அம்மா என்னிடம் சொல்லவில்லை. போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நீயும் வாவனக்கா, பிள்ளையைப் பாக்க," என்றார்.